எலுமிச்சம்பழப் பரீட்சை

அந்த வருஷம் ரப்பர் விலை படுத்துவிட்டது. விலை படுத்ததும், கடல் கடந்து சாஆ என்ற ஊருக்குப் பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் ஆட்களுக்குத் தகுதி தேவைப்பட்டது. இருபது வருஷமாக யாருக்கும் அது தேவைப்படவில்லை. கையும் காலும் இருந்தால் போதும் என்று கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். இப்போது அதே கப்பலில் திருப்பி ஏற்ற வேண்டியிருந்ததால், தகுதி உள்ளவன், இல்லாதவன் என்று புதிதாக இரண்டு சாதி உண்டாயிற்று.

பிரிக்கிற வேலை இப்படி நடந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஆளை நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்வார். கண்ணைக் கீழே இழுத்துப் பார்ப்பார். பிறகு கங்காணி செல்லப்பன் முகத்தைப் பார்ப்பார். செல்லப்பன் தாடையைச் சொறிந்தால் ஆள் தேறிவிட்டான். சும்மா நின்றால் கப்பல். டிரெசர் எந்தப் பரீட்சை எழுதி டிரெசர் ஆனார், செல்லப்பன் எதைப் படித்துக் கங்காணி ஆனான் என்று கேட்க அங்கே யாருக்கும் தகுதி கிடையாது.

ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி சபாபதி இதையெல்லாம் மேஜைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். திருச்சிராப்பள்ளியில் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. தேறியவன். வயது இருபத்தேழு. அவன் மனைவி சந்திரமதி போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டாள். டிரெசர் கொயினா மாத்திரை கொடுத்தார். மாரியம்மன் கோயில் சாமியாடி திருநீறு கொடுத்தான். இருவரும் அவரவர் தொழிலில் கெட்டிக்காரர்கள் என்று பெயர். அவள் ஐந்தாம் நாள் இறந்தாள். சபாபதி அழவில்லை. அவன் அழாததைத் தோட்டமே கவனித்தது. அதன் பிறகு சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது அவனுக்குத் தெரிவதில்லை. மற்றவர்களுடைய மடத்தனம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

முதல் கப்பலிலேயே ஒரு பிசகு நடந்தது. கிழடு கட்டைகளை அனுப்புகிற அவசரத்தில் அந்தச் சாமியாடியையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். கண் மங்கிய கிழவன். டிரெசர் கணக்கில் உதவாத ஆள். அம்மன் இறங்குகிற உடம்பு என்பது நாக்கைப் பார்த்தால் தெரிகிற காரியமில்லை. அவர்களை ஏற்றிக்கொண்டு லோரி போன பிறகுதான், கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் ஒருத்தி, "அப்ப ஆடித் திருவிழாவுக்குக் கரகம் யாரு எடுப்பா?" என்று கேட்டாள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பாதிப் பேர் வரவில்லை. அம்மனையே கப்பலேற்றி விட்ட தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டினால் கை விளங்காது என்று லயத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பெரிய துரை சபாபதியைக் கூப்பிட்டார். அவருக்குத் தோட்டத் தமிழ் வரும். அதில் உத்தரவு போடலாம், வைய முடியும். வேறு எதுவும் பேச முடியாது. அவருக்கு வேறு எதுவும் தேவைப்பட்டதும் இல்லை.

"கிராணி, சாமி ஆள் ஒண்ணு வேணும். நல்ல ஆள். ஒருத்தன் நிக்கட்டும். மத்தவன் எல்லாம் கப்பல்."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை, துரை."

"எனக்கும் பழக்கம் இல்லே. பரீட்சை வை. நீ படிச்சவன். பரீட்சை தெரியும் இல்லே?"

பரீட்சை என்ற சொல் சபாபதிக்கு லேசாக உறைத்தது. சந்திரமதி போன பிறகு அவன் காதில் விழுந்தவற்றில் அது ஒன்றுதான் அவனுக்குச் சொந்தமான வார்த்தை.

உத்தியோகத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் சின்னத்தம்பி, செல்லப்பனுடைய மச்சான். காலையில் மரத்தடியில் தூங்குவான், மாலையில் கள்ளுக்கடையில் விழித்துக்கொள்வான். அவனை வேலைக்குத் தகுந்தவன் என்று சொல்லச் செல்லப்பனுக்கே கூச்சமாக இருந்ததால், சாமிக்குத் தகுந்தவன் என்று சொல்லிப் பார்த்தான். இன்னொருவன் காத்தான். மரம் விழுந்து முறிந்த கால் கோணலாகச் சேர்ந்தவன். நன்றாகத்தான் மரம் வெட்டினான். ஆனால் டிரெசர் முன்னால் நடந்து காட்டச் சொன்னார்கள். அடுத்த கப்பலில் அவனும் அவன் பெண்டாட்டி கருப்பாயியும் போக வேண்டும். சாமியாடியாகிவிட்டால் போக வேண்டாம்.

கருப்பாயிதான் சபாபதியின் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறவள். சந்திரமதி காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவள். ஒரு நாள் சாயங்காலம் துடைப்பத்தோடு வாசலில் நின்றாள்.

"ஐயா, பழத்த எங்க வைக்கப் போறீங்க?"

புதிதாகச் சாமி வருகிறவனைச் சோதிக்க ஒரு முறை உண்டு. ஒரு எலுமிச்சம்பழத்தை எங்காவது மறைத்து வைப்பார்கள். வந்தது அம்மன்தான் என்றால் ஆடிக்கொண்டே போய் அதை எடுத்துவிட வேண்டும். எடுத்தவன் சாமியாடி. சபாபதி அந்த முறையையே பரீட்சையாக வைத்திருந்தான்.

"அதைச் சொல்லக் கூடாது, கருப்பாயி. சொன்னால் மோசடி."

"எங்கள ஏத்தி அனுப்புறது என்னவாம்?"

"அது துரை உத்தரவு."

"ஊருல எங்களுக்கு என்ன இருக்கு ஐயா? அங்க தெருவுல செருப்புப் போட்டு நடக்க முடியாது. இவரு இங்க ரப்பர் செருப்பு போட்டுப் பழகிட்டாரு." அவள் வாசலைக் கூட்டத் தொடங்கினாள். "காது கேக்காத மாதிரி ஒரு தடவ வாய்க்குள்ள சொல்லுங்களேன். நான் கூட்டிக்கிட்டே இருக்கேன்."

"பரீட்சை என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். அம்மன் வந்தால் தானாகத் தெரியும்."

"நீங்க நம்புறீங்களா?"

"நான் நம்புவது முக்கியமில்லை."

"அப்ப ரொம்ப நியாயந்தான்" என்றாள் கருப்பாயி. குப்பையை அள்ளிக்கொண்டு போனாள்.

செல்லப்பனும் கேட்டுப் பார்த்தான். அவன் வாசலில் நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டான். "கிராணியாரே, நமக்குள்ள என்ன?" என்றான். சபாபதி அவனிடமும் அதையே சொன்னான். எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னதில் அவனுக்கு ஒரு திருப்தி. கல்லூரியில் சொல்லிக்கொடுத்த நியாயம் அவ்வளவுதான்.

பழத்தை எங்கே வைப்பது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் வீட்டை விட்டு இறங்கினாலே லயத்துக் கண்கள் பின்னால் வந்தன. கிணற்றடியில் வைத்தால் தெரிந்துவிடும். கோயில் கூரையில் வைத்தால் தெரிந்துவிடும். கடைசியில் தன் வெள்ளைக் கோட்டின் பக்கப் பையிலேயே போட்டுக்கொண்டான். இதைவிடப் பத்திரமான கேள்வித்தாள் எந்தக் கல்லூரியிலும் இருந்ததில்லை என்று நினைத்தான். அந்தத் தோட்டத்தில் கூலியைக்கூட யார் கையிலும் கொடுப்பதில்லை. மேஜையில் வைத்தால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கிராணியின் கோட்டை ஒரு கூலிக்காரன் விரலால் தொட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. தினமும் அந்த மேஜையில் உட்கார்ந்தவனுக்கு இது நினைவுக்கு வரவில்லை. எஃப்.ஏ. பாடத்தில் அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் திடலில் பரீட்சை நடந்தது. தப்படிக்கிறவர்கள் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சினார்கள். காத்தான் முதலில் இறங்கினான். கொஞ்ச நேரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பிறகு தோள் நடுங்கியது. ஆடத் தொடங்கியதும் கால் கோணலாகத் தெரியவில்லை. கிணற்றடிக்குப் போகவில்லை, மரத்தடிக்குப் போகவில்லை. கூட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்து நேராகச் சபாபதிக்கு முன்னால் நின்றான். மூச்சு புஸ்ஸென்று வந்தது. கண் கோட்டுப் பையில் இருந்தது. காத்தான் கையைத் தூக்கினான்.

கை ஒரு சாண் தூரத்தில் நின்றது. கோட்டையும், அதற்கு மேலிருந்த முகத்தையும் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் மேலிருந்து அம்மன் இறங்கிப் போனதைச் சபாபதி கண்ணால் கண்டான். அங்கே காத்தான் மட்டும் நின்றான். இரண்டு கையையும் கூப்பி, "ஐயா" என்றான். பின்பக்கமாகவே நடந்து கூட்டத்துக்குள் போய்விட்டான். கால் கோணலாகவே இருந்தது.

பழத்தை எடுத்துக் காட்டி, இவனுக்குத் தெரிந்துவிட்டது என்று சபாபதி சொல்லியிருக்கலாம். ஆனால் எடுத்தவன் சாமியாடி என்பது விதி. தெரிந்தவன் என்று விதியில் இல்லை.

"அடுத்த ஆள்" என்றான்.

சின்னத்தம்பி மேல் அம்மன் கள்ளுக்கடையிலேயே வந்துவிட்டிருந்தாள். அவன் ஓடினான், உருண்டான், கோயிலுக்குப் பின்னாலிருந்த மரத்தின் அடி மண்ணைப் பறித்தான். கையைத் தூக்கியபோது அதில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். செல்லப்பன்தான் முதலில் போய் மச்சான் காலில் விழுந்தான்.

சபாபதி கோட்டுப் பையில் கைவிட்டுப் பார்த்தான். பழம் இருந்தது. அதை வெளியே எடுத்து உயர்த்திப் பிடித்தான். தப்புச் சத்தம் நின்றது.

"நான் வைத்த பழம் இது. என் பையிலேயே இருந்தது. அது வேறு பழம். காத்தான் என் முன்னால் வந்து நின்றதை எல்லாரும் பார்த்தீர்கள். தேறியவன் அவன்தான்."

செல்லப்பன் எழுந்து முழங்காலில் இருந்த மண்ணைத் தட்டினான். மச்சான் கையிலிருந்த பழத்தைப் பார்த்தான். சபாபதி கையிலிருந்த பழத்தைப் பார்த்தான். தாடையைச் சொறிந்தான்.

"கிராணியாரே, நீங்க வச்ச பழம் இப்ப யாரு கையில இருக்கு?"

"என் கையில்."

"காத்தான் எடுத்துக் குடுத்தானா?"

"இல்லை. அவன்..."

"நீங்களே எடுத்தீங்க."

"ஆமாம்."

செல்லப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "கேட்டுக்கங்க. காத்தான் மேல வந்த ஆத்தா நேரா ஐயா முன்னால போய் நின்னா. அங்கயே அவன விட்டு எறங்கிட்டா. எறங்குனவ எங்க போவா? ஐயா மேல ஏறிட்டா. அதான் பழத்த ஐயா கையே எடுத்திருக்கு. என் மச்சான் கையில இருக்கிறது அவ போட்ட சாட்சிப் பழம்."

கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் வந்திருந்தாலும் இதில் ஓட்டை கண்டுபிடித்திருக்க மாட்டார். எடுத்தவன் சாமியாடி. எடுத்தது சபாபதி.

"என் வீட்டில் சாவு நடந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. தீட்டு" என்றான் சபாபதி. சாத்திரத்தில் அவனுக்கு நம்பிக்கையில்லை. இருந்தாலும் கைக்குக் கிடைத்தது அதுதான்.

"ஆத்தாளே தொட்டுட்டா, இனி உனக்கு என்ன தீட்டு?" என்றான் செல்லப்பன். 'நீங்கள்' போய்விட்டது. சாமியை யாரும் மரியாதையாகக் கூப்பிடுவதில்லை. ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் அவன் கோட்டின் மேல் விழுந்தது. கூட்டத்தின் ஓரத்தில் கருப்பாயி மட்டும் குலவையிடவில்லை.

பெரிய துரை கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒரு ஆள், ரெண்டு வேலை. கூலி ஆள் ஒண்ணும் இங்கே நிறுத்தி வைக்க வேணாம். நல்ல சாமி." காத்தானும் கருப்பாயியும் திருவிழாவுக்கு மறுநாள் லோரியில் ஏற வேண்டும் என்று அன்றே உத்தரவாயிற்று. சின்னத்தம்பி எந்த லோரியிலும் ஏறுவதாக இல்லை. செல்லப்பனுக்குக் கூச்சம் போய், மச்சானைப் பார்த்தால் எப்போதும் தாடை அரித்தது.

கருப்பாயி மறுபடியும் வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை கையில் துடைப்பம் இல்லை.

"ஐயா, நீங்கதான் இப்ப சாமி. கரகம் எடுக்கிறப்போ, காத்தான அனுப்பக் கூடாதுன்னு ஒரு வாக்குச் சொல்லுங்க. துரையே நாக்காலி போட்டு உக்காந்திருப்பாரு. போன சாமி கோயில் கூரைக்குத் தகரம் கேட்டுச்சு. மறு வாரமே எறங்குச்சா இல்லையா?"

அது உண்மை. அம்மன் கேட்டால் துரை கொடுப்பார். கொடுக்காவிட்டால் பெரட்டுக்கு ஆள் வராது. சபாபதிக்கு நியாயமாகத் தன்னால் முடியாமல் போனதை அநியாயமாக முடித்துவைக்க ஒரு வழி கிடைத்திருந்தது.

"எனக்கு ஆட வராது, கருப்பாயி."

"யாருக்குத்தான் வரும்? உள்ள கெடக்குறத வெளிய விட்டா அது பாட்டுக்கு ஆடும்."

"உள்ளே ஒன்றும் கிடக்கவில்லை."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப சும்மா நடிங்க. படிச்சவங்கதான, அது கூடவா வராது?"

வரும் என்றான். அதை நிஜமாகவே நம்பினான். அந்தத் தோட்டத்தில் கள்ளுக்கடை மச்சான் செய்ததைத் தன்னால் செய்ய முடியாதென்று அவனுக்குத் தோன்றவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் பழகினான். கையைத் தூக்கினால் ரிக்ஷாவைக் கூப்பிடுகிறவன் மாதிரி இருந்தது. தலையைச் சுழற்றினால் கழுத்து வலித்தது. ஆட்டம் அன்றைக்குத் தானாக வரும் என்று விட்டுவிட்டு, சொல்ல வேண்டிய வாசகத்தை மட்டும் உருப்போட்டான். அதில் அவனுக்குப் பழக்கம் இருந்தது.

திருவிழா அன்று வேப்பிலை சுற்றிய கரகத்தைத் தலையில் வைத்தார்கள். அவன் நடந்தான். தப்பு அதிர்ந்தது, உறுமி முக்கியது, பெண்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். கரகம் அசையவில்லை. மனைவியின் பிணத்துக்குப் பின்னால் நடந்த அதே நடையில் சபாபதி லயங்களைச் சுற்றி வந்து கோயில் முன்னால் நின்றான். துரை நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். செல்லப்பன் கற்பூரத் தட்டை நீட்டினான்.

"தாயே, ஒனக்கு என்ன வேணும், சொல்லு."

தப்பு உச்சத்துக்குப் போய் நின்றது. சபாபதி வாயைத் திறந்தான். முழங்கால் நடுங்க வேண்டும் என்று நினைத்தான், அது நடுங்கவில்லை. உருப்போட்டது மட்டும் வந்தது.

"காத்தான் என்பவரை இந்தத் தோட்டத்திலிருந்து அனுப்புவது உசிதமல்ல."

பின்னால் ஒரு பெண், "என்ன சொல்றாரு?" என்று கேட்டாள். இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆத்தா இன்னும் வரல" என்றான் செல்லப்பன். "இப்பப் பேசுறது கிராணியாரு."

சபாபதி அதையே உரக்கச் சொன்னான். துரை விசிறியை நிறுத்தி, "கிராணி, ஆபீஸ் பேச்சு ஆபீஸ்ல" என்றார். கூட்டம் சிரித்தது. அது துரை சொன்னதற்காக மட்டும் சிரித்த சிரிப்பில்லை.

அந்தச் சமயத்தில் கூட்டத்துக்கு நடுவில் ஒரு உறுமல் கேட்டது. காத்தான் ஆடிக்கொண்டிருந்தான். கண் செருகி, நரம்பு புடைத்து, "எம் புள்ளைய எங்கடா அனுப்புறீங்க?" என்று கத்தினான். அது காத்தானின் குரலாக இல்லை. ஒரு கணம் செல்லப்பனுக்கே கற்பூரத் தட்டு ஆடியது. பிறகு சுதாரித்துக்கொண்டு, "அவனப் புடிங்க. அவன் பரீட்சையில தேறாதவன்" என்றான். நாலு பேர் காத்தானை அமுக்கித் தலையில் தண்ணீரை ஊற்றினார்கள். "எறங்குடா, ஒனக்கு இல்லடா" என்று ஒருவன் அவன் தோளில் அடித்துக்கொண்டே இருந்தான். அம்மன் இறங்கினாள். தேறிய சாமி கரகத்தோடு நேராக நின்றுகொண்டிருந்தது. செல்லப்பன் பூசணிக்காயை உடைத்தான். பூசை முடிந்தது.

"நல்ல சாமி. சத்தம் இல்லே" என்றார் துரை எழுந்துகொண்டே. "அடுத்த வருஷமும் நீதான்."

மறுநாள் காலை லோரி ஆபீஸ் முன்னால் நின்றது. லாபிஸுக்குப் போய் ரயில் ஏறி, பிறகு கப்பல். காத்தான் ரப்பர் செருப்பைக் கழற்றித் துணி மூட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறினான். சபாபதியைப் பார்த்துக் கும்பிட்டான். கருப்பாயி கும்பிடவில்லை. லோரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ஒங்க வீட்டு அம்மா செத்தன்னிக்கும் இப்படித்தான் நின்னீங்க. படிச்சவங்க, மனச அடக்கிக்கிட்டு நிக்கிறாங்கன்னு லயத்துல எல்லார்கிட்டயும் நாந்தான் சொன்னேன்." பலகையை விட்டாள். "உங்களுக்கு எதுவுமே வராதுங்கறது எனக்கு அப்பத் தெரியல."

லோரி போயிற்று. சபாபதி ஆபீசுக்குள் போய் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். குழந்தைக்குக் காய்ச்சல். டிரெசரிடம் காட்டியாகிவிட்டது, சாமி கையால் திருநீறு வேண்டும் என்றாள். மேஜை இழுப்பறையில் செல்லப்பன் வைத்துவிட்டுப் போன திருநீற்று மடல் இருந்தது. சபாபதி ஒரு சிட்டிகை எடுத்தான். மேஜையில் வைக்கப் போனவன் கையை நிறுத்தி, குழந்தையின் நெற்றியிலேயே பூசினான். நெற்றி சுட்டது.

"சரியாப் போயிருமா, சாமி?"

"போய்விடும்" என்றான். கை நடுங்கவே இல்லை. அந்தப் பெண் காலில் விழுந்து எழுந்து போனாள்.

சாயங்காலத்துக்குள் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். முந்தின சாமியைவிட இந்தச் சாமி கை நிதானம் என்று லயத்தில் பேச்சாயிற்று.